முடி சூடிய மழலை: ஹங்கேரி மன்னர் ஐந்தாம் லாடிஸ்லாஸ் (1440–1457)

இவ்விழா மலரில் நம் பங்கின் வரலாற்றைப் படித்து வரும் வாசகர்கள், நடுவே ஹங்கேரி நாட்டு மன்னர் ஒருவரின் கதை எதற்கு என்று வியக்கலாம். திருச்சபை ஒரே குடும்பம். அக்குடும்பத்தின் பழைய ஏடுகளில் மகிழ்ந்து படிக்க வேண்டியவையும் உண்டு; தலை குனிந்து படிக்க வேண்டியவையும் உண்டு. ஐந்தாம் லாடிஸ்லாஸ் மன்னரின் வரலாற்றில் இவ்விரண்டையும் நாம் காண்கின்றோம். அவர் புனிதர் அல்லர், மாவீரரும் அல்லர். பன்னிரண்டு வாரக் குழந்தையாக முடி சூடி, பதினெட்டு வயது நிறையுமுன் மறைந்த ஓர் இளைஞர். சிறுவன் அரசனாய் இருக்கும் நாட்டின் நிலை இரங்கத்தக்கது என்று சபை உரையாளர் நூல் எச்சரிக்கின்றது. நாட்டின் நிலை மட்டுமா? அச்சிறுவனின் நிலையும் இரங்கத்தக்கதே என்பதற்கு இவருடைய வாழ்வே சான்று.

தந்தை முகம் காணாத பிள்ளை

ஹங்கேரி நாட்டை முதன்முதலாகக் கிறிஸ்தவ அரசாக நிலைநிறுத்தியவர் அரசர் புனித ஸ்தேவான். இவர் கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டி முடி சூடியவர். முதல் வேதசாட்சியான ஸ்தேவானை நம் முன்னோர் ‘முடியப்பர்’ என்று அழைத்தனர். கிரேக்க மொழியில் அப்பெயருக்கு முடி என்பதே பொருள். அதே பெயரைத் தாங்கிய ஹங்கேரி மன்னரின் திருமுடியாகப் போற்றப்பட்ட கிரீடம், அந்நாட்டு மக்களுக்கு வெறும் அணிகலன் அன்று, அரசுரிமையே அதுதான். அக்கிரீடத்தைக் கொண்டு, எஸ்டெர்கோம் பேராயரின் கையால், செக்கெஷ்பெஹெர்வார் என்னும் நகரில் முடி சூடியவரே உண்மையான மன்னர் என்பது அவர்களின் மரபு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மன்னர் மன்னர் ஆகார்.

1438-ஆம் ஆண்டில் ஹங்கேரி மன்னராக முடி சூடிய ஆல்பர்ட், துருக்கியருக்கு எதிரான படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் வயிற்றுக்கடுப்பு கண்டு, 1439 அக்டோபர் 27-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருடைய மனைவி எலிசபெத் அரசி கருவுற்றிருந்தார். துருக்கியப் படை எல்லையை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. பிறக்கப்போவது ஆணோ பெண்ணோ என்று காத்திருக்கப் பிரபுக்கள் பலருக்குப் பொறுமை இல்லை. பதினைந்து வயதே நிரம்பிய போலந்து மன்னர் விளாடிஸ்லாவை அழைத்து அரசனாக்கி, முப்பது வயது அரசியை அவருக்கே மணமுடித்து வைக்க விரும்பினர். அரசியோ தன் வயிற்றில் வளர்வது ஆண்பிள்ளையே என்று உறுதியாக நம்பினார்.

திண்டுக்குள் மறைந்த திருமுடி

கிரீடம் விசெக்ராட் கோட்டையில் பல பூட்டுகளுக்கும் முத்திரைகளுக்கும் உள்ளே இருந்தது. அதை எடுத்து வரும் பொறுப்பை அரசி தன் நம்பிக்கைக்குரிய பணிப்பெண் ஹெலேனா கோட்டனரிடம் ஒப்படைத்தார். கோட்டையில் தங்கியிருந்த அரசியின் தோழிப்பெண்களை அழைத்து வருவதாகச் சொல்லி ஹெலேனா சென்றார். 1440 பிப்ரவரி 20-ஆம் நாள் இரவு, துணைக்கு வந்த ஆட்கள் அரத்தால் பூட்டுகளை அறுத்துக்கொண்டிருக்க, அவர் வாசலில் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தார். காரியம் கைகூடினால் மரியாட்செல் மாதா திருத்தலத்திற்குத் திருயாத்திரை செல்வதாக நேர்ந்துகொண்டார். திருடப் போனவரும் மாதாவுக்கே நேர்த்திக்கடன் வைத்தார் என்றால், அக்கால மனங்களின் போக்கை என்னென்பது!

எடுத்த கிரீடத்தைச் செந்நிற வெல்வெட் திண்டு ஒன்றினுள் வைத்துத் தைத்து, பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி, உறைந்து கிடந்த டான்யூப் ஆற்றைக் கடந்து கோமாரோம் நகருக்குக் கொண்டுவந்தார். பனிக்கட்டி மெலிந்திருந்த ஆற்றில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த பயணம் அது. அவர் வந்து சேர்ந்த இரவு விடிவதற்குள், பிப்ரவரி 22-ஆம் நாள், அரசி ஆண்மகவை ஈன்றார். ஹங்கேரியரின் மற்றோர் அரசப் புனிதரான லாடிஸ்லாஸின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. தந்தை இறந்த பின் பிறந்ததால், ‘தந்தைக்குப் பின் பிறந்த லாடிஸ்லாஸ்’ என்றே வரலாற்றிலும் பெயர் நிலைத்தது. இந்நிகழ்ச்சிகளை எல்லாம் பிற்காலத்தில் ஹெலேனாவே ஜெர்மன் மொழியில் விவரித்துள்ளார். பெண்ணொருவர் தம் வாழ்வனுபவத்தைத் தாமே கூறிய பழைய ஐரோப்பிய நூல்களுள் அது சிறப்பிடம் பெறுகின்றது.

பிறர் கொடுத்த வாக்கு

1440 மே 15-ஆம் நாள், செக்கெஷ்பெஹெர்வார் நகரில், எஸ்டெர்கோம் பேராயர் டேனெஸ் செச்சி குழந்தையின் தலைமீது கிரீடத்தை வைத்தார். எண்ணெய் பூசி அர்ச்சித்தபோது ஆலயம் முழுதும் கேட்கக் குழந்தை வீறிட்டு அழுதது. பன்னிரண்டு வாரக் குழந்தையின் குரலா இது, ஒரு வயதுப் பிள்ளையின் குரல் போலன்றோ இருக்கின்றது என்று மக்கள் வியந்ததாக ஹெலேனா குறிப்பிடுகின்றார். குழந்தையின் சிறு சட்டையை, அதன் பாட்டனாரான சிகிஸ்மண்ட் பேரரசரின் பழைய பட்டாடையிலிருந்து அவரே தைத்திருந்தார்.

மன்னர் முடி சூடும்போது நாட்டின் உரிமைகளைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். பேசத் தெரியாத குழந்தை எப்படிச் சத்தியம் செய்யும்? ஆகவே எலிசபெத் அரசியின் தாய்மாமன் மகனான செல்யே பிரபு உல்ரிக், குழந்தையின் சார்பாக அச்சத்தியத்தைச் செய்தார். வாசகர்கள் இவ்விடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். குழந்தைக்காகப் பெரியவர்கள் வாக்குக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தாய் தந்தையர் செய்வதும் அதுவே. ஆனால் வாக்குக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுகின்றதா?

கை மாறிய குழந்தை

இரண்டே மாதங்களில், ஜூலை 17-ஆம் நாள், அதே நகரில் போலந்து மன்னர் விளாடிஸ்லாவும் ஹங்கேரி மன்னராக முடி சூடினார். உண்மைக் கிரீடம் கிடைக்காததால், புனித ஸ்தேவானின் திருத்தலைப் பேழையில் இருந்த வேறொரு முடியை எடுத்துச் சூட்டினர். முந்திய முடிசூட்டு செல்லாது என்றும் அறிவித்தனர். ஒரு நாட்டில் இரு மன்னர்கள். உள்நாட்டுப் போர் மூண்டது.

எலிசபெத் அரசியிடம் பணம் இல்லை. அவ்வாண்டு முடிவதற்குள் குழந்தையையும் கிரீடத்தையும் ஹப்ஸ்பர்க் குடும்பத் தலைவரான மூன்றாம் பிரெடரிக்கின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். கிரீடம் அடைமானப் பொருளாகவும் ஆயிற்று. 1442 டிசம்பரில், கர்தினால் செசாரினியின் முயற்சியால் அரசியும் விளாடிஸ்லாவும் சமாதானமாகிய சில நாட்களில் அரசி காலமானார். குழந்தைக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. தாயின் முகமும் அவர் நினைவில் நின்றிருக்குமா என்பது ஐயமே.

1444 நவம்பர் 10-ஆம் நாள் வர்ணா போர்க்களத்தில் இளைஞர் விளாடிஸ்லாவும் மாண்டார். இப்போது ஹங்கேரியரின் பார்வை மீண்டும் நம் சிறுவரின் பக்கம் திரும்பியது. அவரை மன்னராக ஏற்றுக்கொண்டு, அனுப்பி வைக்கும்படி கேட்டனர். பிரெடரிக் சிறுவரையும் தரவில்லை, கிரீடத்தையும் தரவில்லை. ஆகவே 1446-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற தளபதி யானோஷ் ஹுன்யாடியை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தனர். ஹங்கேரி, பொஹிமியா, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளின் உரிமையாளர் ஒரு சிறுவர். அவரைக் கையில் வைத்திருப்பவரே மூன்று நாடுகளிலும் பேரம் பேசலாம் என்ற நிலை உருவாயிற்று.

அரண்மனையில் அவருக்கு நல்ல கல்வி கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1450-ஆம் ஆண்டில், திரியெஸ்தே ஆயர் ஏனேயா சில்வியோ பிக்கொலோமினி, பத்து வயது லாடிஸ்லாஸுக்கென்றே பிள்ளைகளின் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். உடலைப் பேணுவது, உள்ளத்தைப் பண்படுத்துவது, இறைபக்தி, உணவில் அளவு, தன் குடிமக்களின் மொழிகளைக் கற்றல் ஆகியவை பற்றி அதில் எடுத்துரைத்தார். இவ்வாயரே 1458-ஆம் ஆண்டில் இரண்டாம் பத்திநாதர் என்னும் பெயரோடு பாப்பரசரானார். வருங்காலப் பாப்பரசரே ஆசிரியர்! ஆனால் ஏட்டில் படிப்பது ஒன்று; வீட்டில் காண்பது மற்றொன்று. தன்னை வைத்துப் பெரியவர்கள் செய்த ஒப்பந்தங்களையும், அவற்றை அவர்களே மீறியதையும் பார்த்தே அச்சிறுவர் வளர்ந்தார்.

1452-ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்து பிரெடரிக்கை முற்றுகையிட்டனர். செப்டம்பரில் அவர் பன்னிரண்டு வயது மன்னரை ஒப்படைத்தார். யாரிடம்? முடிசூட்டு நாளில் சத்தியம் செய்த அதே உல்ரிக்கிடம். சிறுவருக்கு விடுதலை என்று ஊரெல்லாம் கொண்டாடியது. உண்மையில் காவலர்தாம் மாறினார். 1453 அக்டோபர் 28-ஆம் நாள் பிராக் நகரில் பொஹிமியாவின் மன்னராகவும் முடி சூடினார். அங்கே ஆட்சியை நடத்தியவர் பொடெப்ராடி ஜார்ஜ். ஹங்கேரியில் படை முழுதும் ஹுன்யாடியின் கையில்; மன்னரின் காதோ உல்ரிக்கின் கையில்.

மன்னர் இல்லாத வெற்றி

1453 மே 29-ஆம் நாள் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத், 1456-இல் ஹங்கேரியின் தெற்கு வாயிலான பெல்கிரேடு கோட்டையை நோக்கிப் புறப்பட்டார். செய்தி கேட்ட இளம் மன்னர் வேட்டைக்குப் போவதாகக் கூறி, உல்ரிக்கோடு புதா நகரை விட்டு வெளியேறி வியன்னா சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

கோட்டையைக் காக்க நின்றவர்கள் இருவர். ஒருவர் ஹுன்யாடி. மற்றவர் எழுபது வயது பிரான்சிஸ்கன் துறவி, கபிஸ்திரானோ நகரின் புனித அருளப்பர். அவருடைய போதனையால் திரண்டவர்களில் பெரும்பாலோர் குடியானவர்களும் ஏழை எளியவர்களும் ஆவர். ஜூலை 21, 22 ஆகிய நாட்களில் நடந்த கடும் போரின் முடிவில் சுல்தானின் படை பின்வாங்கியது. உரோமையில் பாப்பரசர் மூன்றாம் கலிஸ்துஸ், ஜூன் 29-ஆம் நாளே, நாள்தோறும் ஆலய மணிகளை ஒலித்து மக்கள் செபிக்கும்படி கட்டளையிட்டிருந்தார். வெற்றிச் செய்தி ஆகஸ்டு 6-ஆம் நாள் உரோமைக்கு எட்டியது. அதன் நினைவாகவே மறு ஆண்டில் ஆண்டவர் உருமாறிய திருவிழாவை அந்நாளில் திருச்சபை முழுவதும் கொண்டாடப் பணித்தார். நண்பகலில் ஒலிக்கும் மணியை ஹங்கேரிய மக்கள் இன்றளவும் பெல்கிரேடு வெற்றியோடு சேர்த்தே நினைக்கின்றனர். மூவேளைச் செபத்தின் மணி பல நாடுகளில் பல வழிகளில் வளர்ந்த வழக்கம். அதன் வரலாற்றில் இதுவும் ஓர் ஏடு.

வெற்றியைத் தந்தவர்கள் அதை அனுபவிக்கவில்லை. பாசறையில் பரவிய கொள்ளைநோயால் ஆகஸ்டு 11-இல் ஹுன்யாடி இறந்தார். அக்டோபர் 23-இல் அருளப்பரும் இறைவனடி சேர்ந்தார்.

சத்தியமும் வாளும்

ஹுன்யாடியின் பதவியை மன்னர் உல்ரிக்குக்குக் கொடுத்தார். ஹுன்யாடியின் மூத்த மகன் லாஸ்லோ இதைத் தம் குடும்பத்தின் அழிவாகவே கண்டார். நவம்பர் தொடக்கத்தில் மன்னரும் உல்ரிக்கும் பெல்கிரேடு கோட்டைக்கு வந்தனர். அவர்கள் உள்ளே நுழைந்ததும் உடன்வந்த படை வெளியே நிற்க, வாயில் அடைக்கப்பட்டது. மறுநாள், நவம்பர் 9-ஆம் நாள், லாஸ்லோவின் ஆட்கள் உல்ரிக்கை வெட்டிக் கொன்றனர். நல்லவரோ கெட்டவரோ, மன்னருக்கு உறவு என்று அருகிலிருந்த ஒருவர் அவர்தாம்.

கொன்றவர்களின் நடுவே தனித்து நின்ற மன்னரை லாஸ்லோ தெமெஷ்வார் நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஹுன்யாடியின் விதவை எலிசபெத் சிலாகி, கறுப்புடையோடு மன்னர் முன் வந்து, தம் மக்களுக்காக மன்றாடினார். உல்ரிக்கின் சாவுக்குப் பழி வாங்குவதில்லை என்று மன்னர் சத்தியம் செய்து கொடுத்தார். ஒரு தாய் அச்சொல்லை நம்பினாள்.

நான்கு மாதம் கழிந்தது. 1457 மார்ச் 14-ஆம் நாள் புதா அரண்மனையில் லாஸ்லோவும் அவர் தம்பி மத்தியாஸும் கைது செய்யப்பட்டனர். மன்னருக்கு எதிராகச் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. மார்ச் 16-ஆம் நாள் புதா நகரச் சதுக்கத்தில் லாஸ்லோவின் தலை வெட்டப்பட்டது. மூன்று முறை வாள் வீசியும் தலை விழவில்லை என்றும், வழக்கப்படி அவரை விடுவித்திருக்க வேண்டும் என்றும், ஆனால் நான்காம் முறை வெட்டக் கட்டளை பிறந்தது என்றும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தனர். ஹங்கேரிய இசைமேதை பெரென்ட்ஸ் எர்கெல் 1844-ஆம் ஆண்டில் அரங்கேற்றிய புகழ்பெற்ற இசை நாடகத்தின் கதையும் இதுவே.

மன்னருக்கு அப்போது வயது பதினேழு. அச்சத்தின் பிடியில் செய்த சத்தியம் அது என்பர் சிலர். ஆலோசகர்கள் தூண்டினர் என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. லாஸ்லோவின் கையில் இரத்தக்கறை இருந்ததும் உண்மையே. ஆயினும் கொடுத்த வாக்கு மன்னருடையது. அதைப் பிறர் அவர் சார்பில் கொடுக்கவில்லை. தொட்டிலில் இருந்தபோது அவருக்காக உல்ரிக் சத்தியம் செய்தார். சத்தியம் என்றால் என்ன என்பதை வாழ்ந்து காட்டிக் கற்பிக்க மட்டும் எவரும் முன்வரவில்லை. பிள்ளையின் குற்றத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. வளர்த்தவர்களின் பங்கையும் மறக்க வேண்டியதில்லை.

பிராக் நகரில் முடிந்த வாழ்வு

ஹுன்யாடி குடும்பத்தார் ஆயுதம் ஏந்தினர். மன்னர் சிறுவன் மத்தியாஸைக் கைதியாக உடன்கொண்டு ஹங்கேரியை விட்டு வெளியேறினார். பின்னர் பிராக் நகரை அடைந்தார். பிரான்சு மன்னர் ஏழாம் சார்லஸின் மகள் மக்தலேனாவை மணமுடிக்க ஏற்பாடுகள் நடந்தன. பெண்ணை அழைத்து வரப் பெரிய தூதுக்குழு பிரான்சுக்குச் சென்றது. இங்கே மணமகனோ திடீரென நோயில் விழுந்து, சில நாட்களுக்குள், 1457 நவம்பர் 23-ஆம் நாள், கண்களை மூடினார். திருமணப் பேச்சுக்குச் சென்றவர்கள் அந்நிய நாட்டில் இழவுச் செய்தியைக் கேட்டனர். மன்னரின் உடல் பிராக் நகர்ப் புனித விட்டஸ் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மன்னரின் சாவோடு மத்தியாஸின் சிறைவாசமும் முடிந்தது. வெட்டுண்ட லாஸ்லோவின் தம்பியான அச்சிறுவனையே 1458 ஜனவரி 24-ஆம் நாள் ஹங்கேரியர் தம் மன்னராகத் தேர்ந்தெடுத்தனர். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்டு, ஹங்கேரியின் தலைசிறந்த மன்னர்களுள் ஒருவராக அவர் புகழ் பெற்றார்.

நூற்றாண்டுகள் தாங்கிய பழி

பொஹிமியாவில் மன்னரானவர் பொடெப்ராடி ஜார்ஜ். இளைஞர் திடீரென இறந்தார், ஆளுநர் அரசரானார், ஆகவே அவரே நஞ்சு வைத்திருப்பார் என்ற பேச்சு எழுந்தது. ஜார்ஜ் ஹுஸ் என்பவரின் வழிவந்த, அப்பம் இரசம் ஆகிய இரு குணங்களிலும் நற்கருணை பெறும் பிரிவினர். எனவே அவரை வெறுத்த கத்தோலிக்கர் பலர் அப்பேச்சை எளிதில் நம்பினர். நம்மவர் அல்லாதவரைப் பற்றிய தீய செய்தி எவ்வளவு விரைவாக மெய்யாகிவிடுகின்றது!

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செக் நாட்டு அறிஞர் எமானுவேல் வில்செக், மன்னரின் எலும்புகளை ஆராய்ந்தார். இளைஞரைக் கொன்றது நஞ்சன்று, இரத்தப் புற்றுநோய் என்ற முடிவுக்கு வந்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் மீது சுமத்தப்பட்ட கொலைப்பழி, இறந்தவரின் எலும்புகளால் நீங்கியது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் மக்கள் சொல்வது எவ்வளவு பொருத்தம்! பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கக் கற்பிக்கும் கட்டளை, மாற்றுச் சபையாரைப் பற்றிப் பேசும்போதும் கட்டளையே.

நாம் கற்பது

லாடிஸ்லாஸின் தலையில் ஏறிய திருமுடியின் கதை அவரோடு முடியவில்லை. 1463-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 80,000 பொற்காசுகள் கொடுத்து மத்தியாஸ் அதை பிரெடரிக்கிடமிருந்து மீட்டார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்கர் கைக்குச் சென்று, 1978 ஜனவரி 6-ஆம் நாள் நாடு திரும்பியது. இன்று புதாபெஸ்ட் நகரில் நாடாளுமன்றக் கட்டடத்தில் காவலோடு வைக்கப்பட்டிருக்கின்றது.

முடியைக் காக்க எத்தனை பேர்! பூட்டு அறுத்தவர், பனியாற்றைக் கடந்தவர், பணயமாக வைத்தவர், பொன் கொடுத்து மீட்டவர். முடி சூடிய பிள்ளையைப் பிள்ளையாக எண்ணிக் காத்தவர் எத்தனை பேர்? பதினேழு ஆண்டுகளில் அப்பிள்ளையைச் சூழ்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களே.

யூபிலி ஆண்டில் ஆலயக் கோபுரத்துக்கு வண்ணம் பூசுகின்றோம், பீடத்தைப் புதுப்பிக்கின்றோம், மகிழ்ச்சியே. அதே ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியருகே எத்தனை குழந்தைகளுக்காக நாம் வாக்குக் கொடுத்திருக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். அவர்களுள் தந்தையை இழந்தவர்கள் உண்டு. சொத்துத் தகராறில் இரு வீட்டாருக்கிடையே இழுபடுபவர்கள் உண்டு. ஞானத்தாய் தந்தையராகக் கையெழுத்திட்ட நாளுக்குப் பின் அவர்கள் வீட்டுப் படியை நாம் மிதித்தோமா? கொடுத்த வாக்கைக் காப்பது எப்படி என்பதை அவர்கள் நம்மைப் பார்த்தே கற்க வேண்டும். பதினேழு வயதில் மறைந்த அந்த மன்னரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக.